அடுப்பு டென்ட் வாங்கப் போகிறீர்களா? சுமக்கப் போவது யார் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

ஜனவரியில் மூணாறு பக்கம் செண்டுவாரை, லட்சுமி எஸ்டேட் புல்மேடுகளில் விடியும்போது உறைபனி வெள்ளையாகப் படிந்து கிடக்கும், வெப்பநிலை பூஜ்ஜியத்தை ஒட்டி, சில நாள் அதற்கும் கீழே போகும். மதுரையிலிருந்தும் கொச்சியிலிருந்தும் ஏறி வருகிறவர்கள் அந்த ராத்திரியை நினைத்துத்தான் உள்ளேயே அடுப்பு வைக்கிற டென்ட் எது நல்லது என்று கேட்கிறார்கள். அந்த டென்டைத் தூக்கப் போவது உங்கள் தோளா, ஜீப்பா, இமயமலை என்றால் கோவேறு கழுதையா? அதைப் பொறுத்துத்தான் பதில்.

தோள் என்றால் அடுப்பை மறந்துவிடுங்கள். தரை இல்லாத கூம்பு டென்ட் ஒன்றரை கிலோ, மடக்கு டைட்டானியம் அடுப்பும் புகைக்குழாயும் இன்னொரு ஒன்றரை கிலோ, விறகு அறுக்க ஒரு ரம்பம், அதற்கு மேல் தண்ணீர், சாப்பாடு. இவ்வளவையும் ஏற்றினாலும் அந்தச் சின்ன அடுப்பு ஒரு முறை விறகு போட்டால் ஒரு மணி நேரம் தாங்கினாலே பெரிய விஷயம், அப்புறம் நீங்கள்தான் எழுந்து எழுந்து போட வேண்டும். மஞ்சில் ஊறிய விறகு லேசில் பற்றவும் பற்றாது. எல்லாவற்றுக்கும் மேலே, 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் காட்டுத்தீ 20-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன மலைத்தொடர் இது. புல் காய்ந்த நாளில் ஒரு பொறி போதும். வனத்துறை அனுமதி இல்லாத இடத்தில் தங்கவும் கூடாது, தீ மூட்டவும் கூடாது.

அந்த மூன்று கிலோவை வேறு விதமாகச் செலவழியுங்கள். உள்துணி, வெளித்துணி என்று இரட்டைச் சுவர் உள்ள, இரண்டு கிலோவுக்குள் வரும் இருவர் டென்ட் போதும். ஒற்றைச் சுவர் டென்டில் நம் மூச்சே ஈரமாக உள்பக்கம் கோத்து, காற்று அடிக்கும்போது முகத்தில் சொட்டும். டென்டின் வேலை காற்றையும் பனியையும் தடுப்பது, சூடு கொடுப்பது அடியில் விரிக்கும் ஸ்லீப்பிங் மேட்டும் ஸ்லீப்பிங் பேக்கும். ஸ்லீப்பிங் மேட்டில் ஆர்-வேல்யூ என்று ஒரு எண் இருக்கும், தரையின் குளிரை எவ்வளவு தடுக்கும் என்பதன் அளவு அது, உறைபனித் தரைக்கு 4 அல்லது அதற்கு மேல் பாருங்கள். ஸ்லீப்பிங் பேக்கில் கம்ஃபர்ட் என்று போட்டிருக்கும் வெப்பநிலைதான் கணக்கு, எக்ஸ்ட்ரீம் என்பது உயிர் பிழைக்கிற அளவு, தூங்குகிற அளவு இல்லை. படுக்கும் முன் நல்ல பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, மூடியை இறுக்கி, சாக்ஸில் நுழைத்துக் காலடியில் வையுங்கள்.

பவர் பேங்கில் ஓடும் ஹீட்டர் என்று விற்கிறார்கள். 20,000 எம்ஏஎச் பவர் பேங்கில் இருப்பது சுமார் 74 வாட்-மணி. 500 வாட் ஹீட்டருக்கு அது பத்து நிமிடம்கூட வராது.

இனி ஜீப் போகிற இடம், தீ மூட்ட அனுமதி உள்ள தனியார் நிலம், நாலைந்து நாள் ஒரே இடத்தில் முகாம் என்றால் அடுப்பு டென்ட் உண்மையிலேயே சுகம், ஈரச் சட்டை காயும், ஆட்கள் உட்கார்ந்து பேசலாம். இங்கே எடை பார்க்காமல் பருத்தி கலந்த கேன்வாஸ் எடுங்கள். நைலானில் பொறி விழுந்தால் கடுகளவு ஓட்டை உடனே உருகி விழும், கேன்வாஸ் அவ்வளவு சீக்கிரம் விட்டுக்கொடுக்காது. எடை குறைவாகவே வேண்டும் என்றால் பாலியஸ்டர், நனைந்தால் நைலான் போலத் தொய்யாது.

வாங்கும்போது புகைக்குழாய் வெளியேறும் துளையைச் சுற்றித் தைத்திருக்கும் துணியை, அதாவது ஸ்டவ் ஜாக்கை, கையால் தடவிப் பாருங்கள்: கண்ணாடியிழைத் துணியாக இருக்க வேண்டும், சுற்றித் தையல் நெருக்கமாக இருக்க வேண்டும், உங்கள் குழாயின் விட்டத்துக்குப் பொருந்த வேண்டும், மழைக்கு மூட ஒரு மடிப்பும் வேண்டும். குழாய் டென்டின் உச்சியைத் தாண்டி நிற்கவேண்டும், நுனியில் பொறி தடுக்கும் வலை அவசியம். புது அடுப்பை முதல் முறை வெளியே வைத்து எரித்துப் பூச்சு நாற்றம் போன பிறகே உள்ளே கொண்டுபோங்கள். மழைக்காலத்தில் நம் பக்கம் அட்டை இருக்கிறதே, அதனால் தரையே இல்லாத டென்ட் வேண்டாம். படுக்கும் பாதிக்கு மட்டும் தரை, அடுப்புப் பக்கம் வெறும் மண் என்று வருவதை எடுங்கள்.

கேஸ் ஹீட்டரை ராத்திரி முழுக்க எரியவிடாதீர்கள். 2020 ஜனவரியில் நேபாளத்தில் தாமன் என்ற இடத்தில், அறைக்குள் கேஸ் ஹீட்டர் வைத்துத் தூங்கிய கேரளத்துக்காரர்கள் எட்டுப் பேர், அதில் நான்கு குழந்தைகள், எழுந்திருக்கவே இல்லை. அடுப்போ ஹீட்டரோ, மூடிய இடத்தில் எரியும்போது சேரக்கூடிய கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலைவலியும் குமட்டலும் வந்தால் உயரத்தால் வருவது என்று நினைத்துப் படுத்துவிடுகிறார்கள், அங்கேதான் ஆபத்து. உடனே எல்லோரையும் வெளியே கூட்டிவாருங்கள். கீழே ஒன்று, மேலே ஒன்று என்று காற்றுத் துளை இரண்டும் திறந்தே இருக்க வேண்டும், எவ்வளவு குளிரானாலும். பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றைப் படுக்கும் தலைமட்டத்தில் தொங்கவிடுங்கள். டென்ட் ஆர்டர் போடும்போதே அதையும் சேர்த்துப் போடுங்கள், வீட்டிலேயே பொத்தானை அழுத்திச் சத்தம் வருகிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.