நாயோடு சென்னையில் வாடகை வீடு தேடுவது எப்படி?

"வீடு காலியாத்தான் இருக்கு. ஆனா நாய்னா வேணாங்க." போன வருஷம் இதைப் பதினேழு பேர் வாயால் கேட்டேன். எங்கள் பூந்தி நாலு வயது நாட்டு நாய், பெண். பதினெட்டாவது வீடு நங்கநல்லூரில் அமைந்தது. முதல்முறை தேடுகிறவர்கள் இந்த வரிசையில் போனால் அலைச்சல் குறையும்.

முதலில் காகிதங்கள்

டு-லெட் போர்டு பார்க்கக் கிளம்புமுன் வெறிநோய்த் தடுப்பூசி அட்டை, கருத்தடைச் சான்று, மாநகராட்சியின் செல்லப்பிராணி உரிமம் மூன்றையும் போனில் படமாக வைத்துக்கொள்ளுங்கள். உரிமத்துக்கு மாநகராட்சி இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். தடுப்பூசிச் சான்று கட்டாயம். ஊசி போட்டு நாளாகிவிட்டதா? வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். கூட்டம் இருக்கும், செலவு கையைக் கடிக்காது.

பிறகு கணக்கு

வாடகையை மட்டும் பார்க்காதீர்கள். மெயின்டனன்ஸ், தண்ணீர், யூனிட்டுக்கு ஓனர் போடும் கரண்ட் ரேட், புரோக்கருக்கு ஒரு மாத வாடகை, காலி செய்யும்போது பெயின்டிங்குக்கென்று பிடிக்கும் தொகை, எல்லாவற்றையும் எழுதிக் கூட்டுங்கள். 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது. சென்னையில் இன்னமும் கூசாமல் பத்து மாதம் கேட்கிறார்கள். சட்டம் பேசிச் சண்டை போடாமல், பேரத்தை மூன்றிலிருந்து ஆரம்பியுங்கள்.

"நாய் இருக்கே, வாடகையை ஆயிரம் ஏத்திக்கலாமா?" என்பார்கள். சம்மதிக்காதீர்கள். பதினொரு மாதத்தில் 11,000 ரூபாய் போனது போனதுதான். வேண்டுமானால் அட்வான்ஸில் ஒரு மாதம் கூட்டித் தருகிறேன் என்று சொல்லுங்கள். அது திரும்பி வரும் பணம்.

எங்கே தேடுவது

ஆப்பில் ஃபில்டர் போட்டுத் தேடுங்கள், தப்பில்லை. ஆனால் எனக்கு வீடு கிடைத்தது தெருவில் நடந்துதான். மடிப்பாக்கம், நங்கநல்லூர், கொளத்தூர் மாதிரி இடங்களில் தனி வீடுகளும் ரெண்டு மாடிப் போர்ஷன்களும் இன்னும் நிறைய. தரைத்தளம் கிடைத்தால் விடாதீர்கள். சாயங்காலம் நடக்கும்போது "நாய்கள் ஜாக்கிரதை" பலகை தொங்கும் வீட்டில் தயங்காமல் விசாரியுங்கள். எந்த ஓனர் நாயைச் சேர்ப்பார் என்பது அவர்களுக்கு அத்துப்படி. இஸ்திரி வண்டிக்காரரையும் கேளுங்கள்.

அபார்ட்மென்ட் என்றால் ஒரு விஷயம். இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, அசோசியேஷன் செல்லப்பிராணிக்குத் தடை போட முடியாது, லிப்ட்டில் ஏற்றாதே என்றும் சொல்ல முடியாது. ஆனால் அது அசோசியேஷனுக்கான பதில்தான். ஓனருக்கே மனசில்லை என்றால் அந்தக் காகிதம் சாவி வாங்கித் தராது.

போனில் ஒளிக்காதீர்கள்

இரண்டாவது வாக்கியத்திலேயே நாயைச் சொல்லிவிடுங்கள், புரோக்கரிடமும்தான். குடிபோன பிறகு காட்டிக்கொள்ளலாம் என்று பூனையை மறைத்த ஒரு நண்பன் நாற்பதே நாளில் காலி செய்தான். கமிஷன், வண்டிக்கூலி இரண்டும் தண்டம்.

வீடு பார்க்கும் நாள்

முதல்முறை நாயைக் கூட்டிப் போகாதீர்கள். வழுக்கும் டைல்ஸா, மாடிக் கைப்பிடிச் சுவர் எவ்வளவு உயரம், தெருமுனையில் எத்தனை தெருநாய் என்று நிதானமாகப் பாருங்கள். பூனை என்றால் ஜன்னல் கம்பி இடைவெளியைக் கையால் அளந்து பாருங்கள். பிடித்திருந்தால் மறுநாள், அரைமணி நேரம் நன்றாக நடக்கவைத்துக் களைத்த நாயோடு போங்கள்.

நாங்கள் போனபோது ஓனருடைய அம்மா வாசலில் நின்றிருந்தார். கடிக்குமா, குரைக்குமா என்றெல்லாம் கேட்கவில்லை.

"ஏம்மா, கோலத்தை மிதிக்குமோ?"

"மிதிக்கும் மாமி. காலையில சைடு கேட் வழியா கூட்டிண்டு போறேன்."

பூந்தி கோலத்துக்கு அரை அடி தள்ளி உட்கார்ந்து கொட்டாவி விட்டாள். அதற்கு நான் பொறுப்பல்ல, நடையின் களைப்பு. ஓனர்களின் பயம் பெரும்பாலும் இப்படிச் சின்னதாகத்தான் இருக்கிறது: முடி, நாற்றம், பக்கத்து வீட்டுப் புகார். எது என்று தெரிந்துகொண்டு அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். "ரொம்ப சாதுங்க" என்று எல்லோரும் சொல்வதால் யாரும் நம்புவதில்லை.

கையெழுத்துக்கு முன்

வாய்ப்பேச்சை நம்பாதீர்கள். அக்ரிமென்ட்டில் "வாடகைதாரர் ஒரு நாய் வளர்க்க உரிமையாளர் சம்மதிக்கிறார், நாயால் ஏற்படும் சேதத்தை வாடகைதாரர் சரிசெய்வார்" என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். அந்த அக்ரிமென்ட்டை, வாடகைச் சட்டப்படி உள்ள அரசின் வாடகை அதிகார அமைப்பில் பதிவும் செய்யுங்கள். சாவி வாங்கிய அன்றே கதவின் கீழ்ப்பகுதியை, சாமான் இறக்குமுன், போட்டோ எடுத்து ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். எங்கள் வீட்டுப் பின்கதவில் ஏற்கெனவே நாலு நகக்கீறல் இருந்தது. முன்னால் இருந்தவர்களும் நாய் வளர்த்தவர்கள்தானாம், மாமி மூன்றாம் மாதம்தான் சொன்னார்.