கேட்கச் சொல்லிக்கொடுக்க மறந்தேன்

சிறப்புக் கல்வி ஆசிரியையாக, உயர்வகுப்பில் படிக்கும் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளை வேலைக்குத் தயார் செய்கிறேன். ஒரு மாணவனுக்கு அலுவலகத்தில் கோப்புகளை எண் வரிசையில் அடுக்கும் வேலை கிடைத்தது. வகுப்பில் பிழையே இல்லாமல் அடுக்கியவன். மூன்றாம் நாளே வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். எண் எழுதாத கோப்பு ஒன்று வந்திருக்கிறது. யாரிடம் கேட்பது என்று தெரியாமல், மதியம் வரை அதைக் கையில் பிடித்துக்கொண்டே நின்றிருக்கிறான். அடுக்கச் சொல்லிக்கொடுத்த நான், கேட்கச் சொல்லிக்கொடுக்கவில்லை.

இப்போது 14 வயதிலேயே தொடங்கிவிடுகிறேன். என்ன வேலை பிடிக்கும் என்று பெற்றோரிடம் கேட்பதற்கு முன் பிள்ளையிடம் கேளுங்கள். பேச்சு வராவிட்டால் நாலைந்து இடங்களுக்கு அழைத்துப்போய்ச் சில மணி நேரம் செய்ய விடுங்கள். எங்கே காதைப் பொத்திக்கொள்கிறான், எங்கிருந்து கிளம்ப மறுக்கிறான் என்று கவனித்தால் பதில் கிடைத்துவிடும்.

வேலையைச் சிறு படிகளாகப் பிரித்துக் கடைசிப் படியிலிருந்து கற்றுக்கொடுங்கள். கடிதத்தை மடிப்பதும் உறைக்குள் நுழைப்பதும் நீங்கள் செய்யுங்கள். ஒட்டித் தட்டில் வைப்பது மட்டும் அவனுடையது. வேலையை முடித்த திருப்தி முதல் நாளே அவனுக்குக் கிடைக்கும். அது பழகியதும் நுழைப்பதையும் அவனிடம் விடுங்கள்.

அப்புறம், வேண்டுமென்றே வேலையைக் கெடுங்கள். பசையை ஒளித்துவையுங்கள். எண் இல்லாத கோப்பை நடுவில் செருகுங்கள். கையை உயர்த்துவதோ, 'உதவி வேண்டும்' அட்டையைக் காட்டுவதோ, எதுவானாலும் சரி, கேட்டால்தான் பொருள் கிடைக்க வேண்டும். என் வகுப்பில் அதிக நேரம் போவது இதில்தான்.

உதவியை விலக்குவதையும் திட்டமிட்டே செய்ய வேண்டும். பக்கத்தில், பின்னால், வாசலில், அடுத்த அறையில் என்று தள்ளித் தள்ளி நில்லுங்கள். வாயால் சொல்லித்தரும் பழக்கத்தை விடுவதுதான் ரொம்பக் கஷ்டம், 'அடுத்து என்ன?' என்ற நம் குரலுக்காகவே பிள்ளை காத்திருக்க ஆரம்பித்துவிடும். அதைவிட, படிகளைப் படமாகக் காட்டும் பட்டியலை மேசையில் ஒட்டிவைப்பது நல்லது. நாம் போன பிறகும் அது அங்கேயே இருக்கும்.

முதலாளியிடம் 'வேலை காலியா?' என்று கேட்காதீர்கள். செய்ய ஆளில்லாமல் தேங்கிக் கிடப்பது எது என்று கேளுங்கள். அந்தத் துண்டு வேலைகளைச் சேர்த்தே ஒருவருக்கு முழு வேலை அமைக்கலாம். இடைவேளையையும் ஒத்திகை பாருங்கள். என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லாத அந்தப் பதினைந்து நிமிடத்தில்தான் சிக்கல் வரும்.

பெற்றோருக்கும் எனக்கும் சண்டை வருவது 18 வயதை ஒட்டி. 'எல்லாக் கையெழுத்தும் நாங்களே போட்டுக்கொள்கிறோம்' என்பார்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான 2006ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையின் 12ஆவது பிரிவு, முடிவெடுக்கத் தேவையான உதவியை அவர்களுக்குத் தர வேண்டும் என்கிறது. அதனால் சம்பளத்தை முதலில் பிள்ளையின் கையில் கொடுங்கள். எதற்குச் செலவு, எதற்குச் சேமிப்பு என்று இரண்டு உறைகள் வைத்துக் கேளுங்கள். தொடுதலுக்கு 'வேண்டாம்' சொல்லவும், குளியலறைக் கதவைத் தாழிடவும் இதற்கெல்லாம் முன்பே பழக்கியிருக்க வேண்டும்.

வேலையில் சேர்ந்த பிறகும் போய்ப் பாருங்கள். குறிப்பாக, மேற்பார்வையாளர் மாறுகிற வாரம். பழையவருக்குத் தெரிந்த அந்த உதவி அட்டையைப் பற்றிப் புதியவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.