ட்ரோனில் மருந்து அடிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் திருவாரூர் பக்கம் ஒரு சம்பா வயலில் இரண்டு பையன்கள் மருந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். பைலட் கையில் ரிமோட். கோ-பைலட் பக்கத்திலேயே நின்று அதே திரையை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு நெஞ்சு பதறியது. நாலு வருடத்துக்கு முன் ஒரு நாள் நானும் என் கோ-பைலட் தம்பியும் அப்படித்தான் நின்றோம். ப்ரொப்பெல்லரை இறுக்கு, பேட்டரியைப் பார் என்பதெல்லாம் பயிற்சியிலேயே சொல்லிவிடுவார்கள். அதை விட்டுவிடுகிறேன்.

பார்த்தவன் பேசாமல் இருப்பது

நாலு வருடத்துக்கு முந்தின அந்த நாள் காலை, இரண்டாவது டேங்க் ஓடும்போது தம்பி, "அண்ணே, அந்தப் பக்கம் தென்னை மட்டை தொங்குது" என்றான். "எனக்குத் தெரியும்டா, நீ மருந்தைக் கலக்கு" என்று அதட்டினேன். ஒன்பது மணி வாக்கில் எதிர் வரப்பில் இருந்த கரண்ட் கம்பத்தை நோக்கி ட்ரோன் போனது. கம்பம் தெரிந்தது, அதை இழுத்துப் பிடிக்கச் சாய்வாக இறங்கிய ஸ்டே கம்பி, 80 மீட்டர் தள்ளி நின்ற எனக்குத் தெரியவில்லை. தம்பி பார்த்துவிட்டான். பேசவில்லை. "உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேண்ணே" என்றான் பிறகு.

ட்ரோன் கம்பியில் மோதி அதன் இரண்டு கைகள் முறிந்தன. டேங்க் உடைந்து மருந்து வாய்க்காலில் கொட்டியது. மாடு இறங்கிவிடாமல் இருட்டும்வரை அங்கேயே காவல் நின்றோம். அந்தப் பருவத்தில் சம்பாதித்தது எல்லாம் ரிப்பேருக்கே போனது. தம்பியைக் குறை சொல்ல மாட்டேன். காலையிலேயே அவன் வாயை அடைத்தவன் நான். அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் போகும்போது, சொல்லலாமா வேண்டாமா என்று இரண்டு வினாடி யோசித்தால் 10 மீட்டர் போய்விடும். அதனால் கோ-பைலட்டை எதிர் வரப்பில் நிறுத்துங்கள். தூரத்திலிருந்து பார்த்தால் ட்ரோன் கம்பிக்கு முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்று யாராலும் சொல்ல முடியாது. கையில் வாக்கி டாக்கி வேண்டும். சத்தம் போட்டால் மோட்டார் இரைச்சலில் கேட்காது. சொல்ல வேண்டியது ஒரே சொல்: "நில்லு". "அண்ணே" என்று ஆரம்பிக்கக் கூடாது, எவ்வளவு பெரியவராக இருந்தாலும் சரி. அந்தச் சொல் காதில் விழுந்ததும் முதலில் ட்ரோனை நிறுத்துங்கள், ஏன் என்று அப்புறம் கேளுங்கள். ஒன்றுமில்லாததற்கு நிறுத்தியிருந்தாலும் முகம் சுளிக்காதீர்கள். ஒருதரம் சுளித்தால் அடுத்த தரம் அவன் யோசிப்பான்.

அந்தப் பையன்களிடமும் இதைச் சொன்னேன். கோ-பைலட் எதிர் வரப்புக்குப் போன முதல் ரவுண்டிலேயே "நில்லு" என்றான். குறுக்கே கொக்குக் கூட்டம். பைலட் உடனே நிறுத்திவிட்டான்.

காற்று போகும் பக்கம் ஆளை நிறுத்துவது

மருந்துப் புகை முழுக்க அவன் மூக்குக்குத்தான் போகும். மாஸ்க் இருந்தாலும் இடத்தை மாற்றுங்கள்.

திரும்பி வரும் உயரத்தைப் பார்க்காமல் கிளப்புவது

சிக்னல் போனால் ட்ரோன் நேர்கோட்டில் திரும்பும். அந்தக் கோட்டில் தென்னை இருக்கும். டெல்டாவில் எங்கேதான் இல்லை? வயலைச் சுற்றி இருப்பதில் உயரமான மரத்தைப் பார்த்து, அதற்கும் மேலே உயரத்தை வையுங்கள்.

பறக்கும்போது வயல்காரரோடு பேச்சு

கணக்கு வழக்கெல்லாம் டேங்க் நிரப்பும்போது.

"3 மீட்டர் உயரம்தானே" என்ற சமாதானம்

தஞ்சாவூர் விமானப்படைத் தளத்துக்குப் பக்கத்தில் அது செல்லாது. எங்கே பறக்கலாம், எங்கே கூடாது என்று காட்டும் ஏர்ஸ்பேஸ் மேப்பை முந்தின நாளே பாருங்கள்.