டாக்டர் கைவிடாத காய்ச்சல்: விசுவாசத்தைப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்லூரி நாட்களில் எனக்கு மூன்று நாள் காய்ச்சல் வந்தது. அம்மா கஞ்சி காய்ச்சினார், பாராசிட்டமால் கொடுத்தார், தலைமாட்டில் உட்கார்ந்து ஜெபித்தார். நான்காம் நாள் எழுந்து நடமாடினேன். சபை வாலிபர் கூட்டத்தில் இதைச் சாட்சியாக, அதாவது ஆண்டவர் எனக்குச் செய்த நன்மையாகச் சொன்னபோது 'கடுமையான காய்ச்சல்' என்றேன். அடுத்த வருடம் அது டைபாய்டு ஆனது. வெளியூர்க் கன்வென்ஷன் ஒன்றில், கூட்டம் வாய் பிளந்து கேட்கிற உற்சாகத்தில், "டாக்டர்கள் கைவிட்டுவிட்டார்கள்" என்று சொல்லிவிட்டேன். அம்மாவும் கூட்டத்தில் இருந்தார். திரும்பும் வழியில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "எந்த டாக்டரப்பா கைவிட்டார்? நாம் ஆஸ்பத்திரிக்கே போகவில்லையே?"

கிறிஸ்தவ விசுவாசத்தைப் பிறரிடம் பேசுகிறவர்களின் தவறுகளில் இதைத்தான் முதலில் வைப்பேன். பொய் சொல்லலாம் என்று நினைத்து யாரும் மேடை ஏறுவதில்லை. ஆண்டவருடைய மகிமை பெரிதாகத் தெரியட்டும் என்று நோயைக் கொஞ்சம் கூட்டுகிறோம், பழைய வாழ்க்கைக்குக் கொஞ்சம் கரி பூசுகிறோம். எப்போதோ ஒரு சிகரெட் பிடித்தவர் ஐந்தாறு வருடச் சாட்சிக்குப் பிறகு மொடாக்குடிகாரராகிவிடுகிறார். பக்கத்து வீட்டுக்காரருக்கோ நம்மைச் சிறு வயது முதலே தெரியும். காய்ச்சலில் கூட்டிச் சொன்னவன் உயிர்த்தெழுதலை மட்டும் உள்ளபடி சொல்வானா என்று அவர் நினைத்தால், அவரைக் குறை சொல்ல முடியாது.

யோவான் சுவிசேஷம் 9ஆம் அதிகாரத்தில் இயேசு சுகமாக்கிய பிறவிக் குருடனைப் பாருங்கள். பார்வை வந்தபின் அவனை ஆள் மாற்றி ஆள் விசாரிக்கிறார்கள். இயேசு எங்கே என்றால் தெரியாது என்கிறான். அவர் பாவியா என்றால் அதுவும் தெரியாது என்கிறான். குருடனாயிருந்தேன், இப்பொழுது காண்கிறேன், இது ஒன்றுதான் தெரியும். நமக்கு அந்தத் 'தெரியாது' லேசில் வாயில் வராது. 2004 டிசம்பர் 26 அன்று வேளாங்கண்ணிக்கு வந்த யாத்திரிகர்களை ஏன் கடல் கொண்டுபோனது என்று ஒருவர் கேட்டால், மூச்சு விடுவதற்குள் விளக்கம் கொடுக்கிறோம். கேட்டவர் அங்கே யாரையாவது இழந்தவராகக்கூட இருக்கலாம்.

அடுத்தது சபைத் தமிழ். பரிசுத்த ஆவியால் நிரப்பப்பட்டதை "அபிஷேகம் பெற்றேன்" என்று நாம் சொன்னால் எதிர்வீட்டு அக்காவுக்குப் பாலும் சந்தனமும்தான் நினைவுக்கு வரும். "நாமெல்லாரும் பாவிகள்" என்பது நமக்கு உபதேசம். தெருவில் 'பாவி' என்பது வசவு. வெள்ளிக்கிழமை தவறாமல் விரதம் இருக்கிறவர் அந்த அக்கா. தெருவில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் ஆளாகக் காபி போட்டு எடுத்துக்கொண்டு போகிறவர். அவர் காதில் அது எப்படி விழும்? "நான் செய்த தப்புகள் எனக்குத் தெரியும், அவற்றை மன்னிக்க ஒருவர் இருக்கிறார் என்று நம்புகிறேன்" என்று தன்னைப் பற்றிச் சொன்னால் போதும். விஷயம் அதேதான், வசவு மட்டும் இல்லை. கத்தோலிக்கர் சொல்லும் 'மீட்பு', 'அருள்' ஆகிய சொற்கள் நம் 'இரட்சிப்பு', 'கிருபை'யைவிட வெளியாருக்கு எளிதில் விளங்கும். கடன் வாங்கினால் சபை ஒன்றும் கோபித்துக்கொள்ளாது.

பிறர் கும்பிடும் தெய்வங்களைப் பிசாசு என்று ஒரே சொல்லில் முடிப்பதும் இதில் சேர்ந்ததுதான். அத்தேனே (ஏதென்ஸ்) பட்டணத்துச் சிலைகளைக் கண்டு அப்போஸ்தலர் பவுல் உள்ளுக்குள் கொதித்தார். பேச எழுந்தபோது அந்த ஊராரின் பக்தியைச் சொல்லித் தொடங்கினார், அவர்கள் புலவர்களின் வரியையே எடுத்துக்காட்டினார். 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்க், ஊர் மக்களிடம் கேட்டுக் கேட்டு, தென்னாட்டுத் தெய்வங்களைப் பற்றி 1713இல் ஒரு நூலே எழுதினார். நம்மில் எத்தனை பேருக்குப் பக்கத்துத் தெரு அம்மனின் பெயர் தெரியும்?

நோயாளியின் கட்டிலருகே இன்னும் கவனம் வேண்டும். "விசுவாசம் இருந்தால் சுகம் நிச்சயம்" என்று சொல்லிவிட்டு நாம் பஸ் ஏறிவிடுவோம். சுகமாகாவிட்டால் குற்ற உணர்ச்சியும் சேர்ந்து அவரைத் தின்னும். பவுலே தன் தோழன் துரோப்பீமுவை வியாதியோடு மிலேத்துவில் விட்டுவந்ததாக எழுதியிருக்கிறார். மாத்திரையை நிறுத்தச் சொல்ல நமக்கு எந்த அதிகாரமும் கிடையாது. "ஜெபிக்கட்டுமா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் சும்மா உட்கார்ந்திருங்கள். எல்லாவற்றையும் இழந்து நோயில் கிடந்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் உட்கார்ந்திருந்தவரை நல்ல நண்பர்களாகத்தான் இருந்தார்கள்.

"எங்களுக்குள் சாதி கிடையாது" என்ற வாக்கியத்தையும் விட்டுவிடலாம். கல்லறைத் தோட்டத்துக்கு நடுவே சுவர் எழுப்பிய ஊர்கள் தமிழ்நாட்டில் உண்டு. வரன் பார்க்கும்போது நம் வீடுகளில் முதலில் விசாரிப்பது எதை என்று நமக்கே தெரியும். கேட்கிறவர் சிரித்துவிட்டுப் போவார். "இருக்கிறது, வெட்கமாக இருக்கிறது" என்றால் ஒருவேளை நின்று கேட்பார்.

பேதுரு எழுதிய முதல் நிருபம் 3:15ஐ எடுத்துக்காட்டி, எப்போதும் பதில் சொல்லத் தயாராயிருக்க வேண்டும் என்பார்கள். அதே வசனம் 'கேட்கிற யாவருக்கும்' என்கிறது, 'சாந்தத்தோடும் வணக்கத்தோடும்' என்கிறது. அந்த இடத்தை வேகமாகக் கடந்துவிடுவோம்.

நானும் கடந்தவன்தான். ஒரு விநாயகர் சதுர்த்திக்கு எதிர்வீட்டு அக்கா கொழுக்கட்டை கொண்டுவந்தார். "படைத்ததைச் சாப்பிடுவதில்லை அக்கா, மன்னித்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு வரியில் முடித்திருக்கலாம். படைத்த உணவைப் பற்றிப் பவுல் கொரிந்தியருக்கு எழுதியதை இழுத்து, அவரைத் தட்டோடு வாசலில் நிறுத்திவைத்துப் பத்து நிமிடம் விளக்கினேன். அடுத்த வருடமும் வந்தார். "இது படைப்பதற்கு முன்பே தனியாக எடுத்துவைத்தது, தம்பி" என்றார். வெறும் தட்டாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று அம்மா அதில் கொஞ்சம் சர்க்கரை போட்டுக் கொடுத்தார்.