வரிச்சலுகை வாக்குறுதி சட்டப்படி செல்லுமா? ஆராயும் முறை

முதலீட்டாளர் மாநாட்டு மேடையில் மாநில அரசுடன் கையெழுத்தான புரிந்துணர்வு ஒப்பந்தத்தை மட்டும் நம்பி ஒரகடத்திலோ ஸ்ரீபெரும்புதூரிலோ ஆலை கட்டத் துணிகிறவர், அதில் சொல்லப்பட்ட சலுகை எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவிலிருந்து வருகிறது என்பதையே முதலில் தேட வேண்டும். அரசியலமைப்பின் 265-ஆவது உறுப்பின்படி சட்ட அதிகாரமின்றி வரி விதிக்க இயலாது. விதித்த வரியிலிருந்து விலக்களிக்கவும் சட்டத்தில் இடம் இருந்தாக வேண்டும். முத்திரைத் தீர்வையைக் குறைக்க 1899-ஆம் ஆண்டு முத்திரைச் சட்டத்தின் 9-ஆவது பிரிவு அவ்வாறு இடம் தருகிறது. ஆகவே, தலைமைச் செயலக அரசாணையைக் கேட்டுப் பெற்று, உரிய பிரிவின்கீழ் அறிவிக்கை (அரசிதழில் வரும் முறையான அறிவிப்பு) வெளியாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

ஜிஎஸ்டி என்றால் கூடுதல் கவனம் தேவை. 2017 ஜூலை 1 முதல், மத்திய, மாநில அரசுகளின் பிரதிநிதிகள் அடங்கிய ஜிஎஸ்டி மன்றத்தின் பரிந்துரையின்றி மாநில அரசு தானாக விலக்களிக்க முடியாது. அதனால்தான், செலுத்திய மாநில ஜிஎஸ்டியை மானியமாகத் திருப்பித் தரும் முறையை மாநிலங்கள் கையாளுகின்றன. இது வரிவிலக்கு அன்று, அரசின் செலவு. நிதி ஒதுக்கீடு, உச்சவரம்பு, கால அளவு ஆகியவற்றைப் படிக்காமல் இந்தத் தொகையை வரவில் எழுதிக்கொள்வது, என் பார்வையில், கண்ணை மூடிக்கொண்டு கிணற்றில் இறங்குவதே.

அடுத்து, பாகுபாடு. சமத்துவத்தைக் காக்கும் 14-ஆவது உறுப்பும், வெளிமாநிலப் பொருள்களுக்கு உள்ளூர்ப் பொருள்களைவிடக் கூடுதல் வரி விதிப்பதைத் தடுக்கும் 304(அ) உறுப்பும் இங்கே உரைகல். புதிய ஆலைகளுக்குக் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் தரப்பட்ட விலக்கை 1989-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. உள்ளூர் சமையல் எண்ணெய் ஆலைகளுக்கு ஜம்மு காஷ்மீர் தந்த முழு விலக்கையோ 1996-இல் ஏற்கவில்லை.

வாக்களித்த அரசு பின்வாங்கினால்? கான்பூர் வனஸ்பதி ஆலை வழக்கில், உறுதிமொழியை நம்பி முதலிட்டவரை அரசு கைவிட முடியாது என்று 1978-இல் தீர்ப்பு வந்தது. ஜார்க்கண்ட் தனது 2012 தொழிற்கொள்கையில் சொன்ன மின்வரித் தள்ளுபடிக்கு 2015-இல்தான் அறிவிக்கை வெளியிட்டு, முந்தைய காலத்துக்கு அதை மறுத்தபோதும், 2020-இல் உச்ச நீதிமன்றத்தில் ஆலைக்கே வெற்றி. எனினும் சட்டமே மாறிவிட்டால் பழைய உறுதிமொழி அதைத் தடுக்காது என்பதை 2022-ஆம் ஆண்டின் ஹீரோ மோட்டோகார்ப் தீர்ப்பு காட்டுகிறது. விலக்கு அறிவிக்கையின் வாசகத்தில் ஐயம் எழுந்தால் பலன் வரித்துறைக்கே என்று 2018-இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு கூறிவிட்டது.

ஆகையால், எந்த ஆணையை நம்பி எந்தத் தேதியில் எவ்வளவு முதலீடு செய்தீர்கள் என்பதற்கான ஆவணங்களை வரிசைப்படுத்தி வையுங்கள். 226-ஆவது உறுப்பின்கீழ் ரிட் மனுவுடன் சென்னை உயர் நீதிமன்றத்தை நாட நேர்ந்தால், முதலில் கேட்கப்படுவது அவைதாம்.