ராட்சசனுக்குப் புலித்தலை வேண்டாம்: நம்ம ஊர் ஆர்பிஜி உலகம் கட்டுவது எப்படி

சென்னையில் ஆர்பிஜி (ஆளுக்கொரு பாத்திரமாகி, டைஸ் உருட்டிக் கதையை நகர்த்தும் ஆட்டம்) ஆடுகிற பலர் 'நம்ம ஊர் உலகம்' ஒன்றை உருவாக்க உட்கார்ந்து, கடைசியில் ஐரோப்பிய மதுக்கடைக்குச் சோழர் காலப் பெயர் வைப்பதோடு எழுந்துவிடுகிறார்கள். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற ஆர்பிஜிக்கு 1977-ல் வந்த அரக்கர் கையேடான மான்ஸ்டர் மேனுவலிலேயே ராட்சசன் இருக்கிறான், புலித்தலையும் புகைக்குழாயுமாக, துரை மாதிரி. பெயரை மட்டும் எடுத்தால் அப்படித்தான் ஆகும். கதைக்குள் இருக்கிற விதியை எடுங்கள்.

மேப் வரையும் முன் ஒரு திணையைப் பிடியுங்கள். தொல்காப்பியம் சொல்லும் கருப்பொருள்கள், அதாவது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ், அப்படியே ஒரு செட்டிங் ஷீட்தான், ஆட்டம் நடக்கும் உலகத்தின் விவரத்தாள். வரிசையாக நிரப்பினாலே ஓர் ஊர் எழுந்து நிற்கும். நமக்கு நெய்தல் சுலபம்: வருணன், மீன், உப்பு, சுறா, புன்னை. மிச்சத்துக்கு விடியற்காலையில் காசிமேடு போய் ஏலத்தைக் கேளுங்கள், துறைமுகச் சந்தைக்கு வேண்டிய வசனம் அத்தனையும் கிடைக்கும். பாலைக்குத் தனி நிலம் வேண்டாம். முல்லையும் குறிஞ்சியும் வறண்டால் பாலையாகிவிடும் என்கிறது சிலப்பதிகாரம், அதனால் மழை பொய்த்தால் மேப்பே மாறட்டும், போன செஷனில் மோர் கொடுத்த ஆயர்கள் இந்த முறை வழிப்பறிக்கு நிற்கட்டும்.

சண்டைக்குப் பூ. ஆநிரை கவர வெட்சி, மீட்கக் கரந்தை, மதில் காக்க நொச்சி. எந்தப் பூவைச் சூடுகிறோம் என்று டைஸ் உருட்டும் முன்பே ஆட்டக்காரர்கள் சொல்லியாக வேண்டும். சொன்னதற்கு மாறாக நடந்தால் அந்த ஊரில் சோறு கிடைக்காது.

எனக்கு இதையெல்லாம் விடப் பிடித்தது சாவுதான். ஆநிரை மீட்டுச் செத்தவனுக்கு நடுகல் நடுவார்கள், அநியாயமாகக் கொல்லப்பட்டவர் காவல் தெய்வமாகிவிடுவார். ஆகவே செத்த கேரக்டரின் ஷீட்டை, அதாவது அவன் விவரம் எழுதிய தாளை, கிழிக்காதீர்கள். பல்லவர் கால நடுகற்களில் அரசனின் ஆட்சியாண்டு, வீரன் பெயர், எந்தச் சண்டை என்று சுருக்கமாகப் பொறித்திருப்பார்கள். எழும்பூர் அருங்காட்சியகத்தில் நடுகற்களை ஒரு நடை பார்த்துவிட்டு, அதே பாணியில் இரண்டு வரி எழுதிக் கல்லாக்குங்கள். படையல் வைத்தால் ஒரு டைஸை மறுபடி உருட்டலாம். மறந்தால்? கல்லுக்குக் கோபம் வரும், அப்புறம் அது உங்கள் பாடு.

மதுரை வீரனும் காத்தவராயனும் இன்றும் கும்பிடுகிற சாமிகள், சாதிக் கொடுமையைச் சுமந்து நிற்கிற கதைகள். அவர்களைக் கடைசியில் வீழ்த்த வேண்டிய பாஸ் மான்ஸ்டராக்கி ஹெச்பி (எவ்வளவு அடி தாங்குவார் என்ற கணக்கு) எழுதாதீர்கள். அந்தக் கதைகளின் போக்கில் புதுப் பெயரோடு ஒருவரைப் படைத்துக்கொண்டால் யாருடைய குலசாமியையும் தொடாமல் ஆடலாம்.