கீபோர்டுக்கு சஸ்டெயின் பெடல் நாமளே செய்யலாம்: வயர் வேலை கொஞ்சம், பலகை வேலைதான் நிறைய

சஸ்டெயின் பெடல் இல்லாம பியானோ டோன் வாசிச்சுப் பார்த்தவங்களுக்கு நல்லாத் தெரியும், விரல எடுத்த உடனே சத்தம் பட்டுன்னு அறுந்து போயிடும், ஒரு கார்டுல (சேர்த்து அழுத்துற சுரக் கூட்டம்) இருந்து அடுத்த கார்டுக்குக் கை தாவுற அந்த நேரம் வெறிச்சோடிக் கிடக்கும். நிஜ பியானோல வலது பெடல மிதிச்சா கம்பி மேல உட்கார்ந்து சத்தத்த அடக்குற டேம்பர் எல்லாம் மொத்தமா மேல தூக்கிக்கும், அதனாலதான் விரல எடுத்தாலும் கம்பி அதிர்ந்துட்டே இருக்கும். நம்ம கீபோர்டுல கம்பியும் இல்ல டேம்பரும் இல்ல, கால் கீழ இருக்கா மேல இருக்கான்னு உள்ள இருக்கிற சிப்புக்குச் சொல்ற ஒரு சுவிட்ச்தான் பெடல். ரெண்டு வயர் ஒட்டுது, பிரியுது, அவ்ளோதான் விஷயம்.

அதனால எலக்ட்ரானிக்ஸ் தெரியாதேன்னு யாரும் தயங்க வேண்டாம். வயர் வேலை அரை மணி நேரத்துல முடிஞ்சிடும், ஆனா கால் வச்சா நகராம, கிரீச்சுன்னு கத்தாம, ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்துல ஆன் ஆகிற மாதிரி பலகைய அமைக்கிறதுதான் நிஜமான வேலை, பொறுமை முழுக்க அங்கதான் வேணும்.

முதல்ல கீபோர்டுக்குப் பின்னாடி பாருங்க. சஸ்டெயின், டேம்பர், பெடல், ஃபுட் சுவிட்ச், இதுல ஏதாவது ஒண்ணு எழுதியிருக்கிற ஓட்டை இருக்கணும், பெரும்பாலும் 6.35 மிமீ, அதாவது நாம கால் இன்ச் ஜாக்னு சொல்றோமே அதே சைஸ். பக்கத்துலயே ஹெட்போன் ஓட்டையும் அதே சைஸ்ல இருக்கலாம், இங்க ரொம்ப கவனமா இருங்க, ஹெட்போன் அவுட்புட்ல பெடல சொருகி மிதிச்சா அந்த அவுட்புட்டையே ஷார்ட் பண்றீங்கன்னு அர்த்தம், உள்ள இருக்கிற ஆம்ப் கெட்டுப் போகலாம். எழுத்த டார்ச் அடிச்சுப் படிச்சுட்டுச் சொருகுங்க. பெடல் ஓட்டையே இல்லாத சின்ன கீபோர்டுகளும் உண்டு, அதுக்கு இந்த முறை ஒத்து வராது.

இன்னொண்ணு, இந்த சர்க்யூட்டுக்கு பேட்டரி, எல்இடி, அடாப்டர் எதுவுமே வேண்டாம். கீபோர்டே தன் பக்கத்துல இருந்து சின்னதா ஒரு வோல்டேஜ் கொடுத்து அது இறங்குதா இல்லையான்னு பார்த்துக்கும். வெளியில இருந்து கரண்ட் கொடுத்தீங்கன்னா கீபோர்டு போச்சு.

சுவிட்ச் வாங்குறதுக்கு முன்னாடி ஒரு டெஸ்ட் பண்ணிடுங்க. ஒரு பழைய கிட்டார் கேபிள எடுத்து நடுவுல வெட்டுனா ஒரு முனைல ஜாக்கோட ரெண்டு துண்டு கிடைக்கும், ஒண்ணு பெடலுக்கு, இன்னொண்ணு பத்திரமா எடுத்து வையுங்க. வெட்டுன முனைய சீவுனா நடுவுல ஒரு வயர், அத சுத்தி வலை மாதிரி பின்னின மெல்லிய செம்புக் கம்பி இருக்கும். நடு வயர் ஜாக்கோட நுனிக்குப் போகும், வலைக் கம்பி ஜாக்கோட உடம்புக்குப் போகும். சில கேபிள்ல நடு வயர் மேல கருப்பா ஒரு மெல்லிய படலம் ஒட்டியிருக்கும், அதுவும் கரண்ட் கடத்தும், அதனால அதையும் ரெண்டு மூணு மில்லிமீட்டர் பின்னாடி வரைக்கும் உரிச்சிடுங்க, இல்லன்னா வலைக் கம்பி அதுல பட்டு விட்டு விட்டுக் கோளாறு காட்டும், காரணம் கண்டுபிடிக்கவே ஒரு நாள் ஆகும்.

இப்போ ரெண்டு வயரும் ஒண்ணோடொண்ணு படாம பிரிச்சு வச்சுட்டு, ஜாக்க சொருகி, அப்புறமா கீபோர்ட ஆன் பண்ணுங்க. பியானோ டோன்ல ஒரு கீய அழுத்திட்டு வயர் ரெண்டையும் தொட வச்சு, தொட்டபடியே விரல எடுங்க. சத்தம் நீடிச்சா உங்க கீபோர்டு சும்மா இருக்கும்போது திறந்திருக்கிற, அதாவது வயர் பிரிஞ்சிருக்கிற சுவிட்ச ஏத்துக்குது. அதுக்கு நேர்மாறா, வயர் பிரிஞ்சிருக்கும்போது எல்லா நோட்டும் இழுத்துட்டே இருந்து, தொட்டா நின்னா, அதுக்கு சும்மா இருக்கும்போது மூடியிருக்கிற சுவிட்ச் வேணும். இததான் போலாரிட்டின்னு சொல்றாங்க. யமஹாவோட எஃப்சி5 பெடல் இந்த ரெண்டாவது ஜாதி, மிதிச்சா திறக்கும், வேற கம்பெனிகள்ல மிதிச்சா மூடுற மாதிரியும் வருது. நிறைய கீபோர்டு ஆன் ஆகும்போது பெடல் எந்த நிலைல இருக்குன்னு பார்த்து அதையே ‘கால் மேல’ன்னு எடுத்துக்கும், அதுல எந்த சுவிட்சும் ஓடும். ஆனா பெடல் மேல கால் வச்சுக்கிட்டே ஆன் பண்ணிட்டா எல்லாம் தலைகீழாயிடும், ஆஃப் பண்ணி கால எடுத்துட்டு திரும்ப ஆன் பண்ணா சரியாயிடும்.

சுவிட்ச் எதுன்னு கேட்டா நான் மைக்ரோ சுவிட்ச்னுதான் சொல்வேன், மேல நீளமா ஒரு லீவரும் அதோட நுனில குட்டி உருளையும் இருக்கிற வகை. காலிங் பெல் சுவிட்ச்லயும் செய்யலாம், அதுவும் அழுத்தினா ஆன் விட்டா ஆஃப்தான், ஆனா வயர் ஒட்டுற கால் ரெண்டுதான் இருக்கும், போலாரிட்டிய மாத்த வழியில்ல, நம்ம கால் எடைய ரொம்ப நாள் தாங்கவும் தாங்காது. ஒரு தடவை மிதிச்சா ஆன், மறுபடி மிதிச்சா ஆஃப்னு இருக்கிற சுவிட்ச் வேண்டவே வேண்டாம், அதுல பெடல் வாசிக்கவே முடியாது. மைக்ரோ சுவிட்ச்ல மூணு கால், உடம்புலயே காம் (COM), என்ஓ (NO), என்சின்னு (NC) பொறிச்சிருக்கும். காம் பொது. என்ஓ சும்மா இருக்கும்போது திறந்திருக்கும், என்சி மூடியிருக்கும். உங்க டெஸ்ட்ல என்ன வந்துச்சோ அதுக்கு ஏத்தத எடுத்துக்கலாம். ரெண்டு மூணு கீபோர்டுல மாத்தி மாத்தி வாசிக்கிறவங்க ஒரு மூணு கால் ஸ்லைட் சுவிட்ச் சேர்த்துக்கோங்க, நடு வயர் ஸ்லைட் சுவிட்சோட நடுக் காலுக்கு, அதோட ரெண்டு ஓரமும் என்ஓவுக்கும் என்சிக்கும், வலைக் கம்பி நேரா காமுக்கு. அப்புறம் எந்த கீபோர்டுக்குப் போனாலும் தள்ளி விட்டா போதும்.

இனி பலகை. கீழ 12 மிமீ பிளைவுட் 25 செமீ நீளம் 11 செமீ அகலம், மேல 20 செமீ நீளம் 7 செமீ அகலம், ஓரமெல்லாம் உப்புத்தாள் போட்டு மழுங்க வச்சிடுங்க. கீல் எந்தப் பக்கம்னு ஒரு கேள்வி வரும். குதிகால் பக்கம் கீல் வச்சா கார் ஆக்ஸிலரேட்டர் மாதிரி இருக்கும், செய்யறது சுலபம், நான் முதல்ல அப்படித்தான் செஞ்சேன். அப்புறம் மாத்திட்டேன், ஏன்னா நிஜ பியானோல பெடலோட நுனிதான் நம்மள பார்த்து நீட்டிட்டு இருக்கும், குதிகால் தரையிலயே ஊனியிருக்கும், பாதத்தோட முன்பகுதி மட்டும்தான் மிதிக்கும், நாளைக்கு ஒரு பியானோ முன்னாடி உட்காரப் போற காலுக்கு இப்பவே அந்தப் பழக்கம் வரட்டும். அதனால கீல் நம்மகிட்ட இருந்து தூரமா இருக்கிற முனைல. அந்த முனைல 2 செமீ உயரத்துக்கு ஒரு கட்டைய கீழ்ப் பலகைல ஸ்க்ரூ போட்டு, அதுக்கு மேல கதவுக்குப் போடுற சின்ன கீல் ரெண்டு. ஒரே கீல் போட்டா பலகை பக்கவாட்டுல ஆடும்.

நடுவுல, கீல்ல இருந்து சுமார் 10 செமீ தள்ளி, ரெண்டு பலகைலயும் ஒரே நேருக்கு ஓட்டை போட்டு, கீழ இருந்து ஒரு நீள போல்ட்ட ஏத்துங்க, தலை கீழ்ப் பலகைக்குள்ள பதிஞ்சு இருக்கணும், அந்த போல்ட் மேல ஸ்பிரிங்க மாட்டி, மேல்ப் பலகைய இறக்கி, வாஷர் வச்சு, தானா கழண்டுக்காத நைலாக் நட்டு போடுங்க. மேல்ப் பலகைல ஓட்டை போல்ட்ட விட 3 மிமீயாவது பெருசா இருக்கணும், பலகை வட்டமா இறங்குறதால ஓட்டை டைட்டா இருந்தா சிக்கும். இந்த ஒரே போல்ட் மூணு வேலை பாக்குது: ஸ்பிரிங்க நகர விடாது, பலகை அளவுக்கு மேல எழும்ப விடாது, நட்ட திருகுனா உயரத்தையும் விறைப்பையும் மாத்திக்கலாம். ஸ்பிரிங் பால்பாயிண்ட் பேனாவுல இருக்கிறது பத்தவே பத்தாது, வெறும் கால் எடை பட்டாலே இறங்கிடும். கட்டை விரலால அழுத்துனா கொஞ்சம் எதிர்த்து நிக்கிற ஸ்பிரிங் வேணும், காலை சும்மா மேல வச்சா இறங்கக் கூடாது, மிதிச்சா முரண்டு பிடிக்கக் கூடாது. ஸ்பாஞ்ச் வைக்கலாமேன்னு தோணும், கொஞ்ச நாள்ல அமுங்கித் தட்டையாயிடும்.

அடுத்தது ஸ்டாப்பர். தயவு செஞ்சு இத விட்டுடாதீங்க. என் முதல் பெடல்ல ஸ்டாப்பர் இல்ல, பலகை இறங்கி நேரா மைக்ரோ சுவிட்ச் மேலயே உட்காரும், ஒரு பாட்டுக்கு நடுவுல உற்சாகமா மிதிச்சதுல லீவர் வளைஞ்சு சுவிட்ச் உடம்புல விரிசல் விட்டுடுச்சு, கடைசி வரைக்கும் எல்லா நோட்டும் ஒண்ணு மேல ஒண்ணு குழம்பி இழுத்துட்டே இருந்துச்சு. நுனிப் பக்கம் இடதுலயும் வலதுலயும் கெட்டியான ரப்பர் துண்டு ரெண்டு ஒட்டி, கால் எடை முழுக்க அதுல இறங்குற மாதிரி பாத்துக்கோங்க. சுவிட்ச் எடைய தாங்கக் கூடாது, லீவர் தொட்டு நகரணும், அவ்ளோதான். நுனி ஏறத்தாழ 15 மிமீ இறங்கினா காலுக்குச் சரியா இருக்கு.

சுவிட்ச் வைக்கிற இடம் கீல்ல இருந்து 5, 6 செமீ தள்ளி, நுனி 15 மிமீ இறங்கும்போது அங்க 4 மிமீ போலதான் இறங்கும், லீவருக்கு அது போதும். உடனே ஸ்க்ரூ போட்டுடாதீங்க, முதல்ல டபுள் சைட் டேப்ல ஒட்டி, உயரம் பத்தலன்னா கீழ மெல்லிய அட்டை வச்சு, மெதுவா மிதிச்சு டிக்குன்னு சத்தம் எப்ப வருதுன்னு கேளுங்க. பாதி தூரம் தாண்டி கொஞ்சம் கீழ வரணும். மிதிக்க ஆரம்பிச்ச உடனே வந்துட்டா கால் சும்மா பட்டாலே சஸ்டெயின் விழும், ரொம்ப அடில வந்தா முழுசா மிதிக்காதப்ப விட்டுப் போகும். திருப்தியா வந்த பிறகு பென்சில்ல குறிச்சு ஸ்க்ரூ போடுங்க.

சால்டரிங் சுருக்கமா சொல்லிடறேன்: வயரையும் சுவிட்சோட காலையும் முதல்ல தனித்தனியா ஈயம் பூசிட்டு அப்புறம் ஒட்டுங்க, சூடு காட்டினா சுருங்கிப் பிடிச்சுக்கிற ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ வயர்ல முன்னாடியே கோத்து வச்சுக்கோங்க, புது ஜாக் போடுறதா இருந்தா அதோட மூடியையும் முன்னாடியே கோக்கணும், இல்லன்னா சால்டர எடுத்துட்டு முதல்ல இருந்து செய்யணும். சூட்ட ரொம்ப நேரம் காட்டாதீங்க, சுவிட்சோட பிளாஸ்டிக் இளகிடும். வெளிய போற கேபிள பலகைல கிளிப் வச்சு இறுக்குங்க, யாராவது கால் தடுக்கினா இழுவை கிளிப்ல நிக்கணும், சால்டர்ல நிக்கக் கூடாது. மல்டிமீட்டர பீப் மோடுல வச்சு ஜாக் நுனியையும் உடம்பையும் தொட்டு பத்து இருபது தடவை மிதிச்சுப் பாருங்க, பீப் தெளிவா வரணும், தெளிவா நிக்கணும்.

அடில சைக்கிள் டியூப வெட்டி ஃபெவிகால் மாதிரி இல்லாம ரப்பர் பசையால முழுப் பரப்புக்கும் ஒட்டுங்க, அதுக்குப் பதிலா நாலு மூலைல மட்டும் நாலு ரப்பர் புஷ் வச்சா வழவழ தரைல பெடல் பாட்டுக்கு முன்னாடி போயிட்டே இருக்கும், காலும் பின்னாடியே தேடிட்டுப் போகும். கீலுக்கு ஒரு சொட்டு எண்ணெய், நட்டுக்குக் கீழ ஃபெல்ட் துண்டு, மைக் வச்சு ரெக்கார்ட் பண்றவங்களுக்கு இது ரெண்டும் அவசியம்.

இது முழுசா ஆன் இல்ல முழுசா ஆஃப், நடுவுல எதுவும் கிடையாது. மிடி (MIDI), அதாவது கீபோர்டும் கம்ப்யூட்டரும் பேசிக்கிற மொழி, அதுல சஸ்டெயினுக்கு கன்ட்ரோல் நம்பர் 64, மதிப்பு 0ல இருந்து 127 வரைக்கும் போகும், 63 வரைக்கும் ஆஃப், 64ல இருந்து ஆன், நம்ம சுவிட்சால கீபோர்டு 0வும் 127ம் மட்டும்தான் அனுப்பும். பாதி மிதிக்கிற ஹாஃப் பெடல் வேணும்னா பொட்டென்ஷியோமீட்டர் (திருகுனா மின்தடை மாறுற பாகம்) வச்ச வேற அமைப்பு வேணும், கீபோர்டும் அத ஏத்துக்கணும்.

எல்லாம் முடிஞ்சதா, சொருகி கால் வைக்காம ஆன் பண்ணுங்க. சி மேஜர் அழுத்தி மிதிங்க, கைய எடுத்துடுங்க, சத்தம் நீடிக்கட்டும். இப்போ எஃப் மேஜர் அழுத்துற அதே நொடில கால தூக்கி, உடனே திரும்ப மிதிங்க. பழைய கார்டு சுத்தமா போய், நடுவுல இடைவெளி இல்லாம புது கார்டு நீடிச்சுச்சுன்னா பெடல் சரி. ரெண்டும் கலந்து சேறா கேட்டா சுவிட்ச் ரொம்ப மேல இருக்கு, கால தூக்கினாலும் லீவர் விடல, அட்டைல ஒண்ண உருவிட்டு மறுபடி வாசிச்சுப் பாருங்க.